ஸ்கிராப்புக்கில் உங்கள் கைவாகு எது? நீங்களே கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டில் ஒரு போட்டோ இருக்கிறது. உள்ளங்கை அளவு, சதுரம், கறுப்பு வெள்ளை, ஓரமெல்லாம் பல் பல்லாக வெட்டியது. 1974இல் மன்னார்குடிப் பக்கம் எங்கள் பழைய வீட்டுத் திண்ணையில் எடுத்தது, ஏழு பேர் இருக்கிறார்கள். போட்டோவையும் டிக்கெட், கடிதம் மாதிரி நினைவுப் பொருளையும் ஒட்டி, பக்கத்தில் அதன் கதையை எழுதி நாமே செய்கிற ஆல்பம்தான் ஸ்கிராப்புக். அதைச் செய்ய ஆரம்பித்த முதல் வருஷம் இந்தப் போட்டோவுக்காக ஒரு பக்கம் செய்தேன். தங்க நிற பார்டர், பேப்பர் பூ, மூலைக்கு மூலை ஸ்டிக்கர், நடுவில் போட்டோ. மூன்று ஞாயிற்றுக்கிழமை அதற்கே போனது. பெரியம்மா ஊரிலிருந்து வந்தபோது எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பூவைப் பார்க்கவில்லை, பார்டரைப் பார்க்கவில்லை. விரல் நேராகப் போய், திண்ணைத் தூணில் மாட்டியிருந்த ஒரு குடையில் நின்றது.

“இது தபால்காரர் குடைடி. அன்னிக்கு நல்ல மழை. உங்கப்பாவுக்கு வேலை ஆர்டர் கொண்டுவந்தவர் குடையை அங்க மாட்டிட்டு உள்ள காபி குடிச்சிட்டிருந்தார். மழை விட்டதும் அந்தச் சந்தோஷத்துலதான் இந்தப் போட்டோவே எடுத்தோம்.”

அப்பா அந்தப் போட்டோவில் ஓரமாக நிற்கிறார். அவர் ஏன் அப்படிச் சிரிக்கிறார் என்று வீட்டில் எங்கள் தலைமுறையில் ஒருவருக்கும் தெரியாது. மூன்று ஞாயிறு பூ வெட்டிய நான் யாரிடமும் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்கவில்லை.

அன்று ராத்திரியே பெரியம்மாவை உட்கார வைத்து இன்னும் நான்கு போட்டோவுக்குக் கதை கேட்டேன், பதினொரு மணி ஆனது தெரியவில்லை. எனக்கு வருவது இதுதான் என்று புரிய அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் பிடித்தது. அதுவரை மற்றவர்களின் பக்கங்களைப் பார்த்து ஏங்கி, அவர்கள் வாங்கியதையெல்லாம் வாங்கி, பாதியில் விட்டு, மறுபடி வாங்கி என்றுதான் ஓடியது. உங்களுக்கு அவ்வளவு காலம் ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நான் செய்து பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். ஸ்கிராப்புக்கில் ஒரு பக்கம் என்பது ஒரே வேலை இல்லை. பழைய பெட்டியைக் கிளறித் தேடுவது, பெரியவர்களிடம் கேட்பது, நாற்பது படத்தில் நான்கைத் தேர்ந்தெடுப்பது, அவற்றைப் பக்கத்தில் அடுக்கிப் பார்ப்பது, வெட்டி ஒட்டுவது, பக்கத்தில் இரண்டு வரி எழுதுவது, இருபது வருஷம் கழித்தும் கெடாமல் இருக்கும்படி பார்த்துக்கொள்வது, கடைசியில் முடித்து மூடி வைப்பது என்று அதற்குள் எட்டு வேலையாவது இருக்கிறது. இத்தனையும் ஒரே ஆளுக்குக் கைவந்துவிடாது. அடுத்தவர் பக்கத்தைப் பார்த்ததும் கண்ணில் படுவது அலங்காரம் மட்டும்தான், அதனால் அலங்காரம் வராதவர்கள் தனக்கு ஒன்றுமே வரவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்து இந்தப் பொழுதுபோக்கைக் கைவிட்டவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் விட்டார்கள்.

படி 1: இதுவரை செய்ததையெல்லாம் தரையில் பரப்புங்கள்

ஆல்பத்தைப் புரட்டிப் பார்ப்பது போதாது. பக்கங்களைக் கழற்ற முடிந்தால் கழற்றி, முடியாவிட்டால் ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து, எல்லாம் ஒரே பார்வையில் தெரியும்படி வையுங்கள். பாதியில் நிற்பதையும் சேர்த்து வையுங்கள், அதில்தான் விஷயம் அதிகம். எட்டுப் பத்துப் பக்கமாவது வேண்டும்.

அத்தனை பக்கம் இன்னும் செய்யவில்லையா, சரி, முதலில் ஐந்து பக்கம் செய்யுங்கள். ஏ4 அளவில் கொஞ்சம் கெட்டியான தாள், 200 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) இருந்தால் போதும், கம் பட்டால் சுருளாது. ஒரு பக்கத்துக்கு ஒரு போட்டோ, போட்டோ அல்லாத ஒரு பொருள், ஒரு பேனா, ஒரு மணி நேரம், அவ்வளவுதான். போட்டோ அல்லாத பொருள் என்றால் பஸ் டிக்கெட், கோயில் அர்ச்சனைச் சீட்டு, கல்யாணப் பத்திரிகையின் ஒரு மூலை, தாத்தா எழுதிய இன்லண்ட் லெட்டர் எதுவாகவும் இருக்கலாம். புதிதாக ஒன்றும் வாங்காதீர்கள். வாங்க ஆரம்பித்தால் கடையில் இருக்கும் பொருளின் அழகுதான் பக்கத்தில் தெரியுமே தவிர உங்கள் கை தெரியாது.

பரப்பிய பிறகு ஒரு நோட்டில் மூன்று விஷயம் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்தவருக்கு ஒரே ஒரு பக்கம் காட்டலாம் என்றால் எதைக் காட்டுவீர்கள்? எந்தப் பக்கம் பாதியில் நிற்கிறது, சரியாக எந்த வேலையில் நிற்கிறது? யாரும் சொல்லாமலே எல்லாப் பக்கத்திலும் திரும்பத் திரும்ப வருவது எது? மூன்றாவது கேள்விக்கு மட்டும் அவசரப்பட்டுப் பதில் எழுத வேண்டாம். நான் பரப்பிப் பார்த்தபோது, போட்டோவின் பின்னால் பென்சிலில் பெயர், வருஷம், யார் எடுத்தது என்றெல்லாம் எல்லாப் படத்துக்கும் எழுதியிருந்தேன். முன்பக்கத்தில் கடன் வாங்கிய அலங்காரம், பின்பக்கத்தில் நான். அதை நான் ஒரு வேலையாகவே அதுவரை நினைத்ததில்லை. நமக்கு இயல்பாக வரும் வேலை நம் கண்ணுக்கு வேலையாகவே தெரியாது, அதனால்தான் இதைத் தேட வேண்டியிருக்கிறது.

படி 2: நேரம் எங்கே போகிறது என்று நான்கு வாரம் குறியுங்கள்

உட்காரும்போது மணி, எழுந்திருக்கும்போது மணி, நடுவில் என்ன வேலை செய்தீர்கள், முடித்தபோது உடம்பும் மனசும் எப்படி இருந்தது. ஒரு வரி போதும். “4:10 முதல் 5:30, போட்டோ பிரித்தது, அலுப்பே இல்லை.” “20 நிமிஷம் பார்டர் வெட்டியது, கழுத்து வலி, எரிச்சல்.” இப்படி.

நான்கு வாரம் கழித்துப் படித்தால் ஒரு வேலை தனியாகத் தெரியும். அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியாமல் எந்த வேலையில் மூழ்கியிருந்தீர்களோ அதன் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள்.

இங்கே ஒரு இடத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நன்றாக வருவது ஒன்று, பிடித்தது இன்னொன்று. என் தங்கை அவ்வளவு நேர்த்தியாக வெட்டுவாள், ஒரு மில்லிமீட்டர் பிசகாது, ஆனால் வெட்டும் வேலை என்றாலே அவளுக்கு அலுப்பு. அவளுக்கு நிஜமாகப் பிடித்தது படங்களை அடுக்குவது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, எல்லாரும் வெட்டுவதைத்தான் புகழ்ந்தார்கள் என்பதால். நன்றாகவும் வந்து, அலுக்காமலும் இருப்பதுதான் கைவாகு. நன்றாக வந்து அலுப்பைத் தருவதைத் தேவைப்படும்போது மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிடித்து இன்னும் சரியாக வராததைப் பற்றிக் கவலையே வேண்டாம், அது பழகப் பழக வந்துவிடும்.

படி 3: நீங்கள் எந்தக் கை?

நான் பார்த்த வரையில் ஸ்கிராப்புக் செய்கிறவர்களை இப்படிப் பிரிக்கலாம். உங்களுக்கு ஒன்றுக்கு இரண்டாகப் பொருந்தலாம், மூன்றுக்கு மேல் பொருந்தினால் இன்னும் கொஞ்சம் கறாராகப் பாருங்கள்.

கேட்கிற கை. நான் இந்த வகை, அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல ஆசை. போட்டோவைப் பார்த்ததும் உங்களுக்கு முதலில் தோன்றுவது கலரா, இல்லை “இது யார், ஏன் இங்கே நிற்கிறார்” என்கிற கேள்வியா? கேள்விதான் என்றால் நீங்கள் இந்த வகை. இதற்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். பழைய சதுரப் போட்டோ இருந்தால் எடுங்கள். எங்கள் குடைப் போட்டோ மாமாவின் அக்ஃபா கிளிக் கேமராவில் எடுத்தது. அதில் 120 ஃபிலிம் போட்டால் மொத்தம் 12 படம்தான் விழும். ஃபிலிம் வாங்கவும் கழுவவும் காசு, ஊரில் இருந்தவர்கள் டவுனுக்குப் போய்க் கொடுத்து, ஒரு வாரம் கழித்துத்தான் பிரிண்ட் கைக்கு வரும். அப்படியிருக்க, 12இல் ஒன்றை எதற்காக இந்த நிமிஷத்துக்குச் செலவழித்தார்கள்? இந்தக் கேள்வியைப் பெரியவர்களிடம் கேளுங்கள். “இந்தப் போட்டோவைப் பத்திச் சொல்லுங்க” என்று கேட்டால் “அது சும்மா எடுத்தது” என்றுதான் பதில் வரும். “அன்னிக்கு வீட்டுல என்ன விசேஷம், கேமரா யாரோடது, இவர் ஏன் ஓரமா நிக்கிறார்” என்று கேட்டால் கதை வரும். பொருளைக் காட்டிக் கேட்டால் இன்னும் நல்லது. அந்தத் தூண், அந்தச் சைக்கிள், அந்தப் புடவைக் கரை. ஆளைப் பற்றிக் கேட்டால் பெரியவர்கள் யோசித்துப் பேசுவார்கள், பொருளைப் பற்றிக் கேட்டால் உடனே பேசிவிடுவார்கள். அவர்கள் சொல்வதைப் போனில் பதிவு செய்யலாமா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள், எழுதும்போது அவர்கள் சொன்ன வார்த்தையையே போடுங்கள். “ரேடியோப் பெட்டி” என்று சொன்னால் அப்படியே இருக்கட்டும், நீங்கள் திருத்த வேண்டாம்.

சேர்க்கிற கை. எதையும் தூக்கிப் போட மனசு வராதவர்கள். வீட்டில் குப்பை என்று திட்டு வாங்கியிருப்பார்கள். தந்தி சேவை 2013 ஜூலையில் நின்றுபோனது. அதற்கு முன்னால் வந்த ஒரு தந்தித் தாளை எடுத்து வைத்திருக்கிறவர் இன்று எவ்வளவு பெரிய பொக்கிஷத்தை வைத்திருக்கிறார் என்று யோசியுங்கள். உங்கள் பெட்டியில் ஒரே வகைப் பொருள் நிறைய இருக்கிறதா, அதை வருஷ வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறீர்களா? பிரித்து வைத்திருந்தால் அது ஒரு பலம். கலந்து கட்டிக் கிடந்தால் பலம் பாதி வந்திருக்கிறது, உறைகளை வாங்கிப் பிரிக்க வேண்டியதுதான் பாக்கி.

அடுக்குகிற கண். கோலம் போடுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். புள்ளி வைக்கும்போதே கோலம் எங்கே போய் முடியும் என்று தெரிகிறவர்களுக்கு, பக்கத்தில் எங்கே படம், எங்கே வெறுமை என்பதும் தெரியும். சோதனை சுலபம். ஒட்டாமல் படங்களை மூன்று விதமாக அடுக்கிப் போனில் படம் எடுங்கள். மூன்றுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் உங்களுக்குப் பளிச்சென்று தெரிகிறதா, எது சரி என்று ஒரு விநாடியில் சொல்ல முடிகிறதா? முடிந்தால் உங்களுக்கு அந்தக் கண் இருக்கிறது.

வெட்டி ஒட்டுகிற கை பற்றி நான் சொல்ல அதிகம் இல்லை, அது இருப்பவர்களுக்கே நன்றாகத் தெரியும். பூ கட்டுவது, எம்ப்ராய்டரி, தையல் ஏற்கெனவே வருமென்றால் இதுவும் வரும்.

எழுதுகிற கை. இதில் நிறையப் பேர் தங்களைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள், கவிதை வராது என்பதால். கவிதை வேண்டாம். “மறக்க முடியாத இனிய நினைவுகள்” என்கிற மாதிரி வரியை யார் ஆல்பத்திலும் ஒட்டலாம், அதனால் அது யாருடையதும் இல்லை. “இந்தச் சட்டை கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக்கு எடுத்தது, அண்ணனுக்கும் இதே துணி” என்று எழுத வருகிறதா? அதுதான் எழுத்து. பழைய பக்கங்களில் நீங்கள் எழுதியவற்றைப் படித்து, வேறு வீட்டு ஆல்பத்திலும் பொருந்துகிற வரிகளை அடித்துவிடுங்கள். என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். மூன்று வரி மிஞ்சினாலே போதும்.

காக்கிற கை. இந்த வகை ஆட்களை நான் ரொம்ப மதிக்கிறேன், இவர்கள் இல்லாவிட்டால் மற்ற எல்லாருடைய வேலையும் பத்து இருபது வருஷத்தில் மஞ்சளாகிவிடும். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த மேரிலென் கிறிஸ்டென்சன் என்ற பெண்மணி தன் குடும்பப் படங்களைப் பிளாஸ்டிக் உறைக்குள் பக்கம் பக்கமாகப் போட்டு ஃபைலில் கோத்து வைத்தார். 1980இல் சால்ட் லேக் சிட்டியில் நடந்த ஆவணங்கள் பற்றிய உலக மாநாட்டில் அப்படிச் சேர்ந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகளைப் பார்வைக்கு வைத்தார். இன்று நாம் ஸ்கிராப்புக் என்று சொல்லும் பொழுதுபோக்கு அங்கே பெரிதாகப் பரவியதற்கு அவரை ஒரு தொடக்கமாகச் சொல்வார்கள். பத்திரமாக வைக்க வேண்டும் என்கிற ஆசை அவ்வளவு தூரம் கொண்டுபோகும்.

நீங்கள் இந்த வகையா என்று பார்க்க, கீழே சொல்வதைப் படிக்கும்போது அலுக்கிறதா, ஆர்வம் வருகிறதா என்று கவனியுங்கள். செய்தித்தாளில் லிக்னின் என்கிற மரத்துப் பொருள் இருக்கிறது, வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுத்துப்போகும், பக்கத்தில் இருக்கும் தாளையும் கெடுக்கும், அதனால் வெட்டிய செய்தியை நல்ல தாளில் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள். மெஷினில் கிழித்துத் தரும் பஸ் டிக்கெட் வெப்பத்தால் அச்சாவது, சீக்கிரமே வெளுத்துவிடும், வாங்கிய வாரமே ஸ்கேன் செய்துவிடுங்கள். கல்யாணப் பத்திரிகையில் தடவிய மஞ்சள் எதிரே இருக்கும் போட்டோவில் ஏறும், நடுவில் ஒரு தாள் வையுங்கள். செலோ டேப்பை ஒரிஜினல் மேல் ஒட்டவே ஒட்டாதீர்கள். லேமினேஷனும் வேண்டாம், அதைத் திருப்பி எடுக்க முடியாது. வீட்டில் காய்ச்சிய மைதாப் பசைக்கு ராமபாணப் பூச்சி தேடி வரும். 70, 80களில் வந்த ஒட்டும் ஆல்பம், பக்கத்தில் பசைக் கோடும் மேலே பிளாஸ்டிக் தாளும் இருக்குமே, அதிலிருந்து போட்டோவை உரிக்க வேண்டுமானால் விரலால் இழுக்காதீர்கள். டென்டல் ஃப்ளாஸ் நூலை ஒரு மூலையில் நுழைத்து, ரம்பம் போல முன்னும் பின்னும் மெல்ல இழுத்துக்கொண்டே போக வேண்டும். நடுவில் நூல் கெட்டியாகச் சிக்கினால் அங்கேயே நிறுத்தி, இருக்கிற இடத்திலேயே ஸ்கேன் எடுத்துவிடுங்கள். என் அத்தையின் பள்ளிக்கூடப் படம் ஒன்றை நான் கையால் உரித்து, அவர் முகத்தில் ஒரு கீறல் விழுந்தது. இன்றும் அந்தப் பக்கத்தைத் திருப்பும்போது மனசு சங்கடப்படும்.

இதையெல்லாம் படிக்கும்போது ஓடிப்போய் உங்கள் ஆல்பத்தைப் பார்க்கத் தோன்றியதென்றால், நீங்கள் இந்த வகைதான்.

கடைசியாக, முடிக்கிற கை. ஆரம்பித்தால் முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பவர்கள். சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் எத்தனை வீட்டில் அலமாரியில் பாதி ஆல்பம் கிடக்கிறது என்று பார்த்தால் இதன் அருமை புரியும்.

படி 4: மற்றவர்களிடம் காட்டுங்கள், ஆனால் கருத்து கேட்காதீர்கள்

“நல்லா இருக்கா?” என்று கேட்டால் நம் ஊரில் யாரும் “இல்லை” என்று சொல்ல மாட்டார்கள். அதில் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. ஆல்பத்தைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா உட்காருங்கள், விளக்கம் சொல்லாதீர்கள். விரல் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கத்தில் புரட்டுவது மெதுவாகிறது, எங்கே சிரிப்பு வருகிறது, எங்கே “இங்க பாருங்க” என்று அடுத்தவரைக் கூப்பிடுகிறார்கள், இதை மட்டும் கவனியுங்கள். எனக்குப் பெரியம்மாவின் விரல் சொன்னதை வேறு எந்தப் பாராட்டும் சொல்லவில்லை.

மூன்று பேரிடமாவது காட்டுங்கள். குடும்பத்துப் பெரியவர் ஒருவர், உங்கள் குடும்பத்தைத் தெரியாத ஒருவர், பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று. தெரியாதவர் நின்று படித்தால் உங்கள் எழுத்தோ அடுக்கோ பேசுகிறது என்று அர்த்தம், ஏனென்றால் அவருக்கு அந்த முகங்களோடு சொந்தம் இல்லை. பிள்ளைகள் பெரும்பாலும் பொருளைத்தான் தொடுவார்கள், பழைய டிக்கெட், உறை, திறந்து மூடுகிற மடிப்பு. சேர்க்கிற கைக்கும் வெட்டுகிற கைக்கும் அவர்கள்தான் நல்ல நீதிபதிகள்.

காட்டி முடித்து அவர்கள் போன பிறகு எழுதிக்கொள்ளுங்கள், முன்னாலேயே நோட்டை எடுத்தால் ஆள் மாறிவிடுவார்.

படி 5: ஒரே போட்டோ, மூன்று பக்கம்

முதல் நான்கு படியில் ஒரு ஊகம் வந்திருக்கும். அதைச் சோதிக்க இது. ஒரே போட்டோவை மூன்று பிரிண்ட் போடுங்கள், 4க்கு 6 அளவு போதும், ஒரிஜினலைத் தொட வேண்டாம். மூன்று தாள், ஒவ்வொன்றுக்கும் 45 நிமிஷம், மூன்று வேறு நாட்களில்.

முதல் பக்கத்தில் போட்டோவும் எழுத்தும் மட்டும். இரண்டாவதில் ஒரு வார்த்தைகூடக் கூடாது, நிறமும் அடுக்கும் மட்டும். மூன்றாவதில் போட்டோவோடு அந்தக் காலத்துப் பொருள் ஒன்றை வைத்து, அதைப் பற்றி ஒருவரிடம் கேட்டு, அவர் சொன்னதை அப்படியே போடுங்கள்.

மூன்றில் எது அழகு என்று பார்க்காதீர்கள். 45 நிமிஷம் முடிந்தும் எதிலிருந்து எழுந்திருக்க மனசு வரவில்லை, ஒரு வாரம் கழித்து எதை மறுபடி எடுத்துப் பார்த்தீர்கள் என்பதைப் பாருங்கள். என்னுடைய இரண்டாவது பக்கம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, நான் அதைத் திரும்ப எடுக்கவே இல்லை. மூன்றாவது பக்கத்துக்கு மட்டும் தாள் போதாமல் இன்னொரு தாளை மடித்து ஒட்டினேன்.

படி 6: வராததை என்ன செய்வது?

வராததில் வருஷக்கணக்காக மல்லுக்கட்ட வேண்டாம். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைனுக்கு வெட்டி ஒட்டிச் சேர்க்கும் பழக்கம் ரொம்ப உண்டு, ஆனால் பசை தடவுகிற தொல்லை அவருக்குப் பிடிக்காது. அதற்காக அவர் ஒட்டுவதை நிறுத்தவில்லை. பக்கத்திலேயே காய்ந்த பசை தடவியிருக்கும், நனைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்கிற மாதிரி ஒரு ஸ்கிராப்புக்கை உருவாக்கி 1873இல் காப்புரிமையே வாங்கினார். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, ஆனால் வழி அதுதான். பிடிக்காத வேலை குறைவாக இருக்கும்படி முறையை மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுக்கத் தெரியாதா, ஒரே ஒரு அமைப்பை எடுத்துக்கொண்டு எல்லாப் பக்கத்தையும் அதிலேயே செய்யுங்கள். இடது பக்கம் படம், வலது பக்கம் எழுத்து, கீழே ஒரு பொருள். இருபது பக்கம் ஒரே மாதிரி இருந்தால் அலுக்கும் என்று நினைப்பீர்கள், அலுக்காது, கண் அமைப்பை விட்டுவிட்டு விஷயத்துக்குப் போய்விடும். கையெழுத்து சரியில்லையா, வீட்டில் நல்ல கையெழுத்துள்ளவரிடம் கொடுங்கள். நான் தலைப்புகளுக்கு அப்பாவின் பழைய கடிதங்களிலிருந்து வார்த்தைகளை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுகிறேன். “சௌக்கியம்” என்று அவர் எழுதியிருக்கும் ஒரு வார்த்தையை எந்த ஸ்டிக்கராலும் ஈடுகட்ட முடியாது. நேராக வெட்ட வராதா, அளவெடுத்து வெட்டும் பேப்பர் கட்டர் ஒன்று வாங்குங்கள், இது வாங்க வேண்டிய பொருள்தான். முடிக்க வராதவர்கள் தேதி வைத்துக்கொள்ளுங்கள், யாருக்காவது பிறந்தநாளுக்குத் தருவதாகச் சொல்லிவிடுங்கள்.

இதைவிடவும் நல்லது இன்னொரு ஆளோடு சேர்வது. நானும் தங்கையும் இப்போது அப்படித்தான். நான் கேட்டு எழுதித் தருகிறேன், அவள் அடுக்குகிறாள். வெட்டுவதை இருவரும் பாதி பாதி. ஒரு நாளில் முடிகிற வேலையாகிவிட்டது.

படி 7: அடுத்த ஆல்பத்தை உங்கள் கைக்கு ஏற்ற மாதிரி தேர்ந்தெடுங்கள்

எடுத்த எடுப்பில் “நம்ம குடும்ப வரலாறு” என்று ஆரம்பித்தால் நடக்காது. பத்துப் பக்கம், ஒரே விஷயம். கேட்கிற கை என்றால் ஒரே ஒரு பெரியவர், பத்துப் போட்டோ, பத்துக் கேள்வி. சேர்க்கிற கை என்றால் ஒரு வருஷத்து டிக்கெட்டும் சீட்டும். அடுக்குகிற கண் என்றால் ஒரே இடம், உதாரணமாக ஊர் வீட்டு அடுப்படி மட்டும். எழுதுகிற கை என்றால் படமே இல்லாத ஒன்றைப் பற்றி, இடித்துவிட்ட வீடு, விற்றுவிட்ட மாடு. காக்கிற கை என்றால் சொந்தக்காரர்கள் வீட்டில் அழிந்துகொண்டிருக்கும் ஓர் ஆல்பத்தை மீட்டுக் கொடுங்கள், அவர்கள் முகத்தைப் பார்த்தால் தெரியும் எவ்வளவு பெரிய வேலை என்று.

வாங்குவதையும் இதை வைத்தே முடிவு செய்யுங்கள். சென்னையில் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போனால் தாளும் அட்டையும் கல்யாணப் பத்திரிகைகளும் கண்ணைப் பறிக்கும், கையில் பட்டியல் இல்லாமல் போகாதீர்கள். கேட்கிற கைக்கும் எழுதுகிற கைக்கும் நல்ல கெட்டித் தாளும், நீர் பட்டால் கரையாத கறுப்பு மை பேனாவும், போட்டோவின் மூலைகளைச் செருகி வைக்கும் போட்டோ மூலைகளும் போதும். காக்கிற கை, அமிலம் இல்லாத தாளா என்று கடைக்காரரிடம் கேட்டு, பிவிசி (போட்டோவைக் கெடுக்கக்கூடிய ஒரு வகைப் பிளாஸ்டிக்) இல்லாத உறையாகத் தேட வேண்டும்.

காலத்தையும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒட்டுகிற வேலை வைத்துக்கொண்டால் கம் காயாது, தாள் சுருளும், பூஞ்சை வரும். அந்த இரண்டு மாதத்தைக் கேட்பதற்கும் எழுதுவதற்கும் பிரித்து வைப்பதற்கும் வைத்துக்கொண்டு, பொங்கல் கழிந்து வெயில் வந்த பிறகு ஒட்டுங்கள். எனக்கு மழைக்காலம்தான் ரொம்பப் பிடித்த சீசன், எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், பேசுவார்கள்.

படி 8: ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறுபடி பரப்புங்கள்

அட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் தேதி போட்டு, இப்போது என் கைவாகு இது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மாறும். என்னுடையதில் முதலில் “கேட்பது” என்று மட்டும் இருந்தது. ஒரு வருஷம் கழித்து “கேட்பது, காப்பது” என்று எழுதினேன், அத்தையின் படத்தில் விழுந்த கீறலுக்குப் பிறகு நான் கற்றுக்கொண்டது அது. தங்கை தன்னுடையதில் “வெட்டுவது” என்று எழுதியதை அழித்து “அடுக்குவது” என்று எழுதியிருக்கிறாள், அழித்த தடம் தெரிகிறது, அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறோம்.

குடைப் போட்டோவின் பக்கத்தைப் போன மாதம் திரும்பச் செய்தேன். பூவெல்லாம் எடுத்துவிட்டேன். பெரியம்மா சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதி, குடைக்கு நேராக ஒரு மெல்லிய கோடு மட்டும் இழுத்திருக்கிறேன். படத்தின் வலது ஓரத்தில், வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி செருப்பு இருக்கிறது, ஏழு பேர் காலிலும் செருப்பு இல்லை, தபால்காரரும் உள்ளே இருக்கிறார். அது யாருடையது என்று கேட்க வருகிற ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வீட்டுக்குப் போகிறேன்.